திட்டாத ஓட்டலில் ஏழு நாள்

அந்த ஓட்டல் எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: கேவலமாக இருந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு மலை, மலைமேல் பனி, அந்தப் பனிமேல் காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு சறுக்கி விழுவதற்கென்றே உலகத்துப் பணக்காரர்கள் எல்லாம் வந்து கூடுகிற ஓட்டல், அதன் பேர் என் வாயில் நுழையாது, நுழைந்தாலும் சொல்ல மாட்டேன், இலவசமாக விளம்பரம் எதற்கு. எங்கள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து கரூரில் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அவரிடம் இருபது வருஷமாகச் சரக்கு எடுக்கிற ஊவே என்கிற ஜெர்மன்காரன், ஒரு வாரம் மனைவியோடு வந்து ஓய்வெடுங்கள், எல்லாம் என் பொறுப்பு என்று கூப்பிட்டான். மகள் வினோதினிக்குக் கல்யாணம் இருபதே நாளில். "இந்த நேரத்துல ஊர் சுத்தியே ஆகணுங்களா மாமா?" என்றேன். "அடுத்த வருச ஆர்டர் பேசணும் புள்ள, ஊவே மனசு கோணக்கூடாது" என்றார். சரியென்று இரண்டு பேர் பெட்டியையும் நானே அடுக்கிக் கட்டினேன்.

போய் இறங்கினால், முன்கூடத்தில் தரையில் ஓர் ஆள் இல்லை. எல்லாரும் மேலே இருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் பிள்ளைகள் கைநழுவ விட்ட பலூன் கூரையில் போய் முட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி ஐம்பது அறுபது பேர் கூரையில் முதுகைக் கொடுத்துக்கொண்டு, ஒருவன் பேப்பர் படித்தபடி, ஒருத்தி நகத்தைப் பார்த்தபடி, ஒரு கிழவர் வாயைத் திறந்து தூங்கியபடி, சரவிளக்குகளுக்கு நடுவில் கிடந்தார்கள். முதுகு உறுத்தக்கூடாது என்று கூரை முழுக்க வெல்வெட் வைத்துத் தைத்திருந்தது. ஊவே ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான்; அவன் வந்து பத்து நாளாகிவிட்டதாம். பணக்கார ஊரில் எதைப் பார்த்தாலும் வாயைப் பிளக்கக்கூடாது என்று மாமா விமானத்திலேயே சொல்லிவைத்திருந்ததால் நான் மூடிக்கொண்டேன். மாமா நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்து, சரக்குக் கன்டெய்னர் நேரத்துக்கு வந்து சேர்ந்ததா என்றுதான் அவனிடம் முதலில் கேட்டார்.

மேனேஜர் ஒருவர் வந்தார். வெள்ளைத் தலை, பட்டு டை, சிரித்த முகத்தை யாரோ இஸ்திரி போட்டு மாட்டிவிட்டதுபோல் ஒரு முகம். பயப்பட ஒன்றுமில்லை, இங்கே வருகிறவர்களுக்கு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எடை போய்விடும், இது வியாதி இல்லை, ஓய்வு நன்றாகப் பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம், எங்கள் ஓட்டலுக்கு இதுவே பெருமை என்றார். மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் எங்களைப்போல அன்றைக்குத்தான் வந்த ஒரு தம்பதி தரையில் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் வெட்கப்பட்டுப்போய்ச் செடித்தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். கால் தரையில் இருப்பதற்கு வெட்கப்படுகிற ஜென்மங்களை அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

அந்த அதிசயத்துக்கு அவர்கள் செய்து வைத்திருந்த ஏற்பாடுகளைப் பார்க்கவேண்டுமே! சாப்பாட்டு மேஜைகளைக் கூரையிலிருந்து சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள், பரிமாறுகிறவர்கள் ஏணியில் ஏறி ஏறி இறங்கினார்கள், சூப் சிந்தாமலிருக்க மூடி போட்ட கோப்பையில் உறிஞ்சுகுழல் வைத்துக் கொடுத்தார்கள், நடைவழிக் கூரை நெடுகப் பித்தளைக் கம்பி அடித்து, அதைப் பிடித்துக்கொண்டு அறைக்கு அறை போய்வர வழி செய்திருந்தார்கள். ஜன்னலைத் திறப்பதற்கு முன்னால் மணி அடிப்பார்கள், மணி அடித்தால் எல்லாரும் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் பெல்ஜியத்துப் பணக்கார விதவை ஒருத்தி மணிச் சத்தம் காதில் விழாமல் ஜன்னல் வழியாக ஆகாயத்துக்குப் போய்விட்டாளாம்; அவள் கண்ணுக்கு மறையும்வரை எல்லாரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், பிறகு எல்லாருக்கும் காப்பியும் கேக்கும் கொடுத்தார்களாம், சாயங்காலமே அவள் அறைக்கு வேறு ஆள் வந்தாச்சாம். இதை மேனேஜர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவளைத் தேடினீர்களா என்று கேட்டேன். அந்த அம்மா சந்தோஷமாகத்தான் போனார் என்றார். தூ என்று துப்பலாம் போலிருந்தது, கம்பளம் விரித்திருந்ததால் விட்டேன்.

பனிச்சறுக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தானே அந்த ஓட்டல். ஒவ்வொருவருக்கும் இடுப்பில் கயிறு கட்டி, கீழே இரண்டு பயிற்சியாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள், மேலே இவர்கள் காலில் கட்டை மாட்டிக்கொண்டு, பனியிலிருந்து ஒரு முழ உயரத்தில், பனியைத் தொடாமலே வளைந்து வளைந்து போவார்கள். விழுவது என்கிற பேச்சே கிடையாது. கீழே ஓடுகிறவர்கள்தான் தொடைவரைக்கும் புதைந்து புதைந்து எழுந்து, மூச்சு இரைக்க இரைக்க, ஆனால் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். மேலே போகிறவர்கள் வீடு திரும்பி, நாங்கள் ஆல்ப்ஸ் மலையில் சறுக்கினோம் என்று படம் காட்டுவார்கள், அதைப் பார்த்து நாலு பேர் வயிறெரிவார்கள், கர்மம்.

மாமாவுக்கு என்ன நடந்தது என்றால், முதல் நாள் கோட்டைக் கழற்றி விட்டார்கள், இரண்டாம் நாள் பூட்ஸை மாட்டி வாரை இறுக்கி விட்டார்கள், கழுத்துத் துண்டைச் சுற்றி விட்டார்கள், ஆரஞ்சை உரித்துச் சுளைசுளையாக நாரெடுத்து வைத்தார்கள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார்கள், அவர் தும்முவதற்கு முகத்தைச் சுருக்கும்போதே ஒருத்தன் கைக்குட்டையோடு நின்றான். முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவள் சொல்கிறேன், இவருக்கு இதெல்லாம் புதிதில்லை. தண்ணீர்ச் சொம்பு ஒரு கை தூரத்தில் இருந்தாலும் அடுப்படியில் இருக்கிற என்னைக் கூப்பிட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்கிற ஆள்தான். ஆனாலும் மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், நாற்காலியைவிட்டு ஒரு சாண் மேலே எழும்பி நின்றார். கூரையிலிருந்து எல்லாரும் கைதட்டினார்கள். "பாத்தியா புள்ள! மூணாவது நாளே!" என்றார். தறி ஓட்டி ஓட்டி முதல் கார் வாங்கிய அன்றைக்குக்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் கண்டதில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் உள்துணியை நானே அலசிச் சூடு வரும் குழாயில் காயப்போட்டேன், எழுந்ததும் என் படுக்கை விரிப்பை நானே இழுத்து விரித்தேன், குளித்துவிட்டு ஈரத்துண்டை உதறி மடித்தேன். துண்டெல்லாம் எங்கள் தறித் துண்டுதான், ஓரம் மடித்துத் தைத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். கரூரில் பெண்கள் முதுகொடியத் தைத்து அனுப்பியதை இவர்கள் அன்னப்பறவை மாதிரி முறுக்கிக் கட்டில்மேல் உட்கார வைத்திருந்தார்கள். நாலாம் நாள் கதவுக்கடியில் ஒரு கடிதம் வந்தது: விருந்தாளிகள் வேலை செய்வது மற்ற விருந்தாளிகளின் ஓய்வைக் கெடுக்கிறது, தயவுசெய்து தவிர்க்கவும். நல்லா இருக்குது கதை என்று அதைக் கிழித்துப் போட்டேன்.

அதைப் பொறுக்க வந்தவள்தான் சிவமலர். அறை சுத்தம் செய்கிறவள், யாழ்ப்பாணத்துக்காரி, அந்த ஓட்டலில் பத்தொன்பது வருஷம். நாற்பது கிலோ தேறாத உடம்பு. ஆனால் அவள் கால் வைத்த இடத்தில் மரத்தரை முனகி வளைந்தது.

"நீங்கள் கட்டில் விரிச்சா எனக்குத்தான் பேச்சு விழும் அக்கா" என்றாள். தமிழைக் கேட்டதும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை கருங்கல்லாகக் கனத்தது.

"என்னம்மா இது, இந்த ஒல்லி உடம்புல இத்தன கனம்?"

"அவையின்ர பாரம் எங்க போறது அக்கா? மேல போறவையின்ர எல்லாம் எங்களிலதான் இறங்குது. வேலைக்காரற்ற லிப்டில ரண்டு பேர் ஏறேலாது, அறுந்து போம். போன மாசம் ஏணி முறிஞ்சு ஒரு பொடியனுக்குக் கால் போயிட்டுது." அடுத்த வீட்டில் மிளகாய் காயப்போட்டிருக்கிறார்கள் என்பதுபோல இதைச் சொன்னாள். "உங்கட மனுசன் ரண்டு நாளில கூரைக்குப் போயிடுவார். போனா, வெளியில எப்பிடிக் கொண்டு போவியள்? வெளியில கூரை இல்லையே."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு நாங்கள் கிளம்ப வேண்டும். ஓட்டல் வாசலுக்கும் காருக்கும் நடுவில் இருபது எட்டு வெட்டவெளி. அதைத் தாண்டினால் விமானம், வீடு, கல்யாணம். மணமேடையில் மகள் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய அப்பன் ஆகாயத்தில் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? மேனேஜரிடம் ஓடினேன். கவலையே வேண்டாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம், எங்களிடம் பதினோரு வருஷமாகக் கூரையிலேயே இருக்கிற இத்தாலிக்காரர் இருக்கிறார், அவருக்கு மூன்று பேரப்பிள்ளைகள் பிறந்ததைக்கூடப் படத்தில்தான் பார்த்தார், ரொம்ப நிம்மதியாக இருக்கிறார் என்றார். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் மாமாவும் கூரையில். ஊவே பக்கத்தில் முதுகைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு, அடுத்த வருஷ ஆர்டரை அங்கேயே கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார்.

"எறங்கி வாங்க மாமா, நாளைக்குக் கெளம்பணும்" என்று கீழிருந்து கத்தினேன்.

"மெதுவா பேசு புள்ள, எல்லாரும் பாக்கறாங்க. ரண்டு நாள் சேத்தி இருந்துட்டுப் போவோம், கல்யாண வேலையத்தான் ஆளுக பாத்துக்குவாங்கல்ல."

ஆளுக! அந்த ஆளுக யார் என்று எனக்குத் தெரியாதா?

சிவமலரைத் தேடிப் போனேன். துவைத்த துணி அடுக்குகிற அறையில் கண்டுபிடித்தேன். "நானும் முப்பத்தாறு வருசமா இந்த மனுசனுக்குச் செஞ்சுதான் போடறேன், எங்க வீட்டுல ஒரு நாளும் இப்படிக் கெளம்புனதில்லையே, அதென்ன இங்க மட்டும்?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "நீங்கள் செய்யேக்க வாயை மூடிக்கொண்டோ செய்யிறனீங்கள்?"

"நானா? நல்லா கேட்ட போ. தண்ணி மொண்டு குடுத்தாலும் நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் குடுப்பேன்."

"அதுதான். நாங்கள் இஞ்ச ஒரு சொல்லும் சொல்லுறேல்லை அக்கா. சிரிச்சுக்கொண்டு செய்யோணும் எண்டது சட்டம். நீங்கள் ஏசி ஏசிச் செய்தபடியாத்தான் ஆள் நிலத்தில நிண்டிருக்குது."

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகை வந்தது. என் வாய் பொல்லாத வாய் என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அந்த வாயால்தான் ஒரு மனுஷனை இத்தனை வருஷம் பூமியில் நிறுத்தி வைத்திருந்தேன் என்று அந்தப் பெண் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

நானும் அவளுமாகச் சேர்ந்து சறுக்குக் கயிற்றை மாமா இடுப்பில் கட்டி இழுத்து அறைக்குள் விட்டோம். அவர் போய் அறைக் கூரையில் ஒட்டிக்கொண்டார். கதவைத் தாழ்ப்பாள் போட்டேன், சேலையை இழுத்துச் செருகினேன், ஆரம்பித்தேன். முதல் பிரசவத்துக்கு நான் வலியில் துடித்தபோது சீட்டு விளையாடிவிட்டுச் சாவகாசமாக வந்ததில் தொடங்கி, என் அப்பன் செத்த வீட்டில் காப்பி ஆறிப்போச்சென்று முகத்தைத் தூக்கியது, மூட்டுவலியென்று உட்கார்ந்தவளை எழுப்பி மூக்குக்கண்ணாடி கேட்டது, அந்தக் கண்ணாடி அவர் தலையிலேயே இருந்தது, சாப்பிட்ட தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போகிற அந்த எழவெடுத்த பழக்கம், வந்தவர்கள் முன்னால் 'அவளுக்கு என்ன தெரியும்' என்று சொல்கிற அந்தச் சொல், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், மூச்சுவிடாமல், காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் மனுஷன் ஒரு சாண் இறங்கினார். கண்ணாடி விஷயத்துக்கு இரண்டு சாண். கால் கம்பளத்தைத் தொட்டதும் கையில் அவர் குடித்த கோப்பையைக் கொடுத்துக் கழுவச் சொன்னேன். குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. திருப்பித் திருப்பி, சட்டையெல்லாம் நனைந்து, கடைசியில் கழுவி வைத்தார். வெளியே நடைவழியில் நின்ற சிவமலர் முதுகுப் பாரம் இறங்கினவள்போல "அம்மாடி" என்று சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

"உண்மைய ஒத்துக்கறேன் புள்ள, நீ திட்டுனாத்தான் கால் தரையில பாவுது" என்றார் மாமா. அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை கிளம்பினோம். அவர் பெட்டியை அவரே தூக்க வேண்டும், கார் வரைக்கும் கீழே வைக்கக்கூடாது, யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று பத்து தடவை சொல்லியிருந்தேன். தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டி தூக்குகிறவன் ஓடி வந்தான், "நோ, நோ" என்று விரட்டினார். வாசற்படி இறங்கினார். பனியில் அவர் கால் கணுக்கால்வரை புதைந்ததைப் பார்த்து எனக்கு மனசு குளிர்ந்தது. எண்ணிக்கொண்டே வந்தேன், ஒன்பது, பத்து, பதினொன்று. அப்போது வாசலில் நின்ற மேனேஜர் ஏதோ சொல்லிக் கூப்பிட்டார், மேல்மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் கூரையில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை ஆட்டினார்கள், நடுவில் ஊவே. மாமாவுக்கு மரியாதை தெரியாமல் போய்விடுமா? திரும்பினார், இரண்டு கையையும் கூப்பி வணக்கம் வைக்க வேண்டுமென்று தோன்றியிருக்கிறது, பெட்டியை என் பக்கம் நீட்டி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "பிடி புள்ள" என்றார்.

நானும் பிடித்துக்கொண்டேன்.

அதைத்தான் என்னால் இன்னமும் தாங்க முடியவில்லை. பெட்டி தூக்குகிறவனை விரட்டத் தெரிந்த மனுஷனுக்கு, யாரிடமும் கொடுக்காதே என்றால் அந்த யாரில் நான் சேர்த்தியில்லை. எனக்கும் புத்தி எங்கே போனதோ, பிடி என்றதும் கை தானாக நீண்டுவிட்டது. ஏன், உங்களுக்குக் கை இல்லையா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அத்தனை வெள்ளைக்காரர்கள் பார்க்கிறார்களே, நாகரிகமாக இருப்போம் என்று, கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக, வாயை மூடிக்கொண்டு வாங்கினேன். வாங்கின அந்த நொடியில் என் இரண்டு காலும் முழங்கால் வரைக்கும் பனியில் இறங்கின. கூப்பிய கையோடு மாமா மேலே போனார்.

வாசல் விளக்கு உயரம் போனார், கூரை உயரம் போனார், கூரைக்கு மேலே புகைபோக்கி உயரம் போனார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. மேனேஜர் உள்ளே பார்த்துக் காப்பிக்கு ஜாடை காட்டினார். நான் புதைந்த இடத்திலேயே பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். சிவமலர் மட்டும் பனியைக் கிழித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள், ஓட முடியாமல் ஓடி வந்தாள்.

மேலேயிருந்து மாமா கத்துவது கேட்டது. சிரிப்பெல்லாம் போய், என் பேரைச் சொல்லியே கூப்பிட்டார். "ஏ புள்ள! பாவாத்தா! திட்டு புள்ள! ஏதாச்சும் சொல்லித் திட்டு!"

"ஏசுங்கோ அக்கா, கெதியா ஏசுங்கோ, ஆள் போகப்போகுது" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள் சிவமலர்.

வாயைத் திறந்தேன். சொல்லுவதற்கா பஞ்சம்? நாக்கு நுனியில் வண்டி வண்டியாக இருந்தது. மாதக்கணக்கில் திட்டலாம். திட்டினால் இறங்குவார், இறங்கினதும் மறுபடி எதையாவது நீட்டுவார், நான் மறுபடி திட்ட வேண்டும். சமைத்தேன், துவைத்தேன், பெட்டி கட்டினேன், பெட்டி பிடித்தேன். இந்த மனுஷனுக்காகத் திட்டுகிற வேலையையும் சாகிறவரைக்கும் நானேதான் பார்க்க வேண்டுமா? கோதுமை மூட்டையை வைத்து அழுத்தினதுபோல நெஞ்சு கனத்தது. என் மகள் கல்யாணம் கண்ணில் வந்து நின்றது. அப்பன் வேண்டும்தான், இல்லையென்று சொல்லவில்லை. வருகிறவர் தன் காலால் வரட்டும்.

"திட்டு புள்ள! உன்னக் கும்பிடறேன், திட்டு!"

அண்ணாந்து பார்த்தேன். மனுஷன் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தார். இரண்டு கையையும் வாயருகில் குவித்து, அந்த மலை முழுக்கக் கேட்கிற மாதிரி, மரியாதை குறையாமல்தான் சொன்னேன்:

"நீங்களே திட்டிக்குங்க மாமா!"